கிட்டார் கழுத்தில் வெள்ளைக் கோடுகள்: மரத்துளையில் தங்கிய மெருகை எடுப்பது எப்படி?

3 மார்ச் 2024, கேள்வி

பழைய சாப்பாட்டு மேசையின் கியாட் மரப் பலகையிலிருந்து என் கையாலேயே ஒரு கிட்டார் கழுத்து செதுக்கினேன். ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசிப் பத்து நாள் காயவிட்டேன். பிறகு டிரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, வெள்ளை மெருகுக் கட்டி வைத்துத் தேய்த்தேன். நல்ல பளபளப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் கழுத்து நெடுக அரிசிமாவு தூவியதுபோல் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள். ஈரத்துணியால் துடைத்தேன், மறைந்தன. காய்ந்ததும் அப்படியே திரும்பி வந்தன. உப்புத்தாள் போட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் உண்டா? (பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

3 மார்ச், இரவு

நான் மறுக்கிறேன். உப்புத்தாளைக் கீழே வையுங்கள், தம்பி. தேய்த்தால் வரும் மரத்தூளும் அதே துளைக்குள்தான் போய் அடையும். இப்போது வெள்ளை மட்டும் இருக்கிறது. பிறகு வெள்ளையும் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக இறுகிவிடும்.

ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு மரச்சாமான் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மெருகு வேலை பார்த்தவன் நான். பென்சின் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பான்) கொஞ்சம், மென்மையான பல்துலக்கி ஒன்று. மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். போய்விடும்.

4 மார்ச்

"ஈரமாக இருந்தால் ஏன் மறைகிறது, காய்ந்தால் ஏன் வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

திருநீற்றை நீரில் குழைத்து நெற்றியில் இடும்போது பாருங்கள். ஈரம் இருக்கும்வரை சரியாகத் தெரியாது. காய்ந்ததும் மூன்று பட்டையும் பளிச்சென்று வெளுக்கும். நீறு கூடவில்லை, குறையவுமில்லை. பொடியின் இடுக்குகளில் இருந்த நீர் போய்க் காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் மரத்துளையில் நடப்பதும் அதுவே. ஆகவே ஈரத்துணியால் துடைத்தவுடன் "போய்விட்டது" என்று நம்பாதீர்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் உண்மை தெரியும்.

மெருகுக் கட்டியில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று அரைக்கும் பொடி. வெள்ளைக் கட்டிகளில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மற்றொன்று அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பு அல்லது மெழுகு. பென்சின் கரைப்பது இரண்டாவதை மட்டும்தான். முதலாவது நாம் வீட்டில் வைத்திருக்கும் எதிலும் கரையாது.

6 மார்ச்

முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். இரண்டு நாளாக மனத்தில் உறுத்துகிறது.

பொடி கரையாது என்று நானே எழுதினேன். அப்படியானால் எடுத்த எடுப்பில் பென்சின் ஊற்றச் சொன்னது எப்படிச் சரியாகும்? மேசைப் பலகைக்குச் சரி. அதன் துளைகளை நாங்கள் முதலிலேயே நுரைக்கல் தூளும் அரக்கும் வைத்து அடைத்துவிடுவோம். மெருகு மேலோட்டமாக நிற்கும், துடைத்தால் வரும். தம்பியின் கழுத்திலோ துளைகள் திறந்தே இருக்கின்றன. மரம் உயிரோடு நின்றபோது நீர் ஏறிய நாளங்கள் அவை. நீளவாக்கில் அறுபட்டு வாய்க்கால்போல் கிடக்கின்றன. அங்கே பென்சினை ஊற்றினால் கொழுப்பு கரையும், பொடி மிதக்கும், மிதந்த பொடி இன்னும் ஆழமாகப் போய்ப் படியும். பென்சின் பறந்ததும் வெள்ளை திரும்ப வரும், முன்பைவிடப் பரவலாக.

இது எனக்கு நடந்தது. என் அண்ணன் ஒரு கிட்டார் வைத்திருந்தார். மகோகனிக் கழுத்து. சாட்ஸ்வொர்த்திலும் மெர்பேங்கிலும் கல்யாண வீடுகளில் வாத்தியக் குழுவோடு வாசித்தவர். காலமான பிறகு கிட்டார் என்னிடம் வந்தது. அவருடைய பேரனுக்குக் கொடுப்பதற்கு முன் அழகுபடுத்த வேண்டும் என்று, காருக்குப் போடும் மெருகுத் திரவத்தைக் கழுத்தின் முதுகில் தேய்த்தேன். மேல் பாதியில் கட்டைவிரல் உரசி உரசி லாக்கர் பூச்சு தேய்ந்து வெறும் மரம் தெரியும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் மட்டும் நூறு நூறாக வெள்ளைக் கீற்றுகள். பதறிப்போய்ப் பென்சின் ஊற்றினேன். அகலமானது. மேலும் ஊற்றினேன். அன்று இரவு தூங்கவில்லை.

ஆக என் திருத்தம் இது: முதலில் காய்ந்த நிலையில் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுங்கள். நனைப்பது அதற்குப் பிறகுதான்.

6 மார்ச், சற்று நேரம் கழித்து

காய்ந்த நிலையில் எடுப்பது என்றால் ஊசியாலா என்று கேட்கிறார்கள். ஊசி வேண்டாம், குண்டூசி வேண்டாம். துளையின் ஓரம் கிழியும். கிழிந்த ஓரம் அடுத்த முறை இன்னும் அதிகப் பொடியைப் பிடிக்கும்.

9 மார்ச்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வயலின் பழுது பார்க்கும் அக்கா ஒருவர் பிரெஸ்டிக் பசையைச் சொன்னார். சுவரில் படம் ஒட்டுவோமே, அதே பசை. கையில் பிசைந்து சூடாக்கி, துளையின்மேல் அழுத்தி, சட்டென்று எடுக்க வேண்டுமாம்.

இன்று ஒரு துண்டு மகோகனியில் மெருகுப் பசையைத் தேய்த்துக் காயவிட்டுச் சோதித்தேன். வருகிறது. பசையைத் திருப்பிப் பார்த்தால் துளைகளின் வடிவமே அச்சாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இரண்டு குறை. பசையும் வெளிர் நிறம். துளைக்குள் அறுந்து தங்கினால் வெள்ளைக்கு வெள்ளை வைத்ததாகிவிடும். நேரம் விட்டால் எண்ணெய்க் கறையும் விடுகிறது. ஒற்றி ஒற்றி எடுக்கலாம், ஒட்டி வைக்கக் கூடாது. உருட்டக் கூடாது. அக்காவுக்கு நன்றி, மேலே கிடப்பதற்கு இது நல்ல வழி. ஆழத்தில் இருப்பதற்குப் போதாது.

மாலையில் மின்சாரம் போன நேரத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். கைவிளக்கை மரத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுத்த நிலையில் பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத பொடியெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கிறது. இனி இருட்டறையில் கைவிளக்கு வைத்துத்தான் சோதிப்பேன்.

10 மார்ச்

அவசரமாக ஒன்று. மின்வெட்டு நேரத்தில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு பென்சினைத் தொடாதீர்கள். சாமி விளக்கு எரியும் அறையிலும் வேண்டாம். அதன் ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தீயைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். கதவு, சன்னல் திறந்திருக்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றும். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பென்சின் வேறு, பென்சீன் வேறு. ஒரு நெடில்தான் வித்தியாசம், ஆனால் பின்னது புற்றுநோய் தருவது. கடையில் டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

16 மார்ச்

வந்திருக்கும் யோசனைகளுக்குப் பதில்.

மெத்திலேட்டட் ஸ்பிரிட்: வேண்டாம். நம் கடைகளில் விற்பது ஊதாச் சாயம் கலந்தது. திறந்த துளை சாயத்தையும் குடிக்கும். அரக்கு மெருகு போட்ட மரமானால் ஸ்பிரிட் அந்த மெருகையே கரைத்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரையும் இளக்கும்.

இரும்புக் கம்பளி: நான்கு பூஜ்ய நுண்மையாக இருந்தாலும் வேண்டாம். இழைகள் ஒடிந்து துளைக்குள் நிற்கும். டர்பன் கடல்காற்றில் அவை துருப்பிடிக்கும். துவர்ப்பு உள்ள மரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம் முன்னோர்கள். அதே மை உங்கள் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழும். மின்கிட்டாராக இருந்தால் இழைகள் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் காந்தத்தில் வேறு போய் ஒட்டும்.

தண்ணீர்: இதில் எனக்கு முழு மறுப்பு இல்லை. நான் பயன்படுத்திய காருக்கான திரவம் தண்ணீரில் குழைத்த வகை. அதற்குப் பென்சினைவிட, சோப்பு ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரைப் பிழிந்த துணியில் எடுத்துத் தொடுவதுதான் சரியான வழி என்று பிறகு புரிந்தது. தம்பி பயன்படுத்தியது கொழுப்புக் கட்டி, அதற்குப் பென்சின். எதில் குழைத்தார்களோ அதுதான் இளக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் வெறும் மரத்தின் நார் எழுந்து சொரசொரப்பாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

பித்தளை மெருகு: கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளைப் பளபளப்பாக்கப் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். ரோஸ்வுட் பலகையின் துளைகளில் இதைவிடப் பிடிவாதமாக நிற்பது வேறில்லை. முதலில் மரத்தைக் காகித ஒட்டுநாடாவால் முழுக்க மூடுங்கள், கம்பி மட்டும் வெளியே தெரியட்டும்.

24 மார்ச்

மேலே பித்தளை என்று எழுதிய பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தார். இருபத்தெட்டு ஆண்டுப் பட்டறை அனுபவம் சொல்லாததை அவர் வெள்ளிக்கிழமை தோறும் செய்துகொண்டிருந்தார்.

கிளேர்வுட் வீட்டில் எங்களுக்கு ஒரு குத்துவிளக்கு. புளியும் சாம்பலும் வைத்துத் துலக்குவார். காய்ந்ததும் வளையங்களின் இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கும். அம்மா அதைக் கழுவி எடுக்கமாட்டார். முழுக்கக் காயவிடுவார். பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைப் பல்லால் கடித்து நைத்து, இடுக்கு நெடுக ஒரே இழுப்பாக இழுப்பார். பொடி உதிரும். வாயால் ஊதுவார். "ஈரத்தில் தொட்டால் அப்பிக்கொள்ளும்டா" என்பார்.

இன்று காலை தென்னந்துடைப்பத்திலிருந்து பழைய ஈர்க்கு நாலைந்து எடுத்தேன். சோதனைத் துண்டில் ரேகையோடு இழுத்தேன். மூங்கில் பல்குச்சியைவிட நன்றாக இருக்கிறது. பல்குச்சியின் முனை விறைப்பு. துளையைவிட்டுத் தாண்டினால் மரத்தில் கீறல் விழுகிறது. நைத்த ஈர்க்கு வளைந்துகொடுக்கிறது, துளையின் அடியைத் தொடுகிறது, மரத்தைவிட மென்மையாக இருக்கிறது. பொடி கோடாக எழுந்து வருகிறது. உறிஞ்சி இயந்திரத்தின் குழாயைப் பக்கத்தில் பிடித்தால் இன்னும் நல்லது. ஊதினால் பக்கத்துத் துளைக்குப் போகிறது.

அதன் பிறகு பென்சின், அதுவும் ஊற்றாமல். துணி நுனியை நனைத்துப் பிழிந்து ஒரு துடைப்பு. துணியை மடித்துப் புது இடத்தால் அடுத்த துடைப்பு. ஒரே இடத்தால் இரண்டாம் முறை துடைத்தால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

25 மார்ச்

தம்பியின் பதில் பார்த்தேன். ஐந்தாம் ஃப்ரெட் வரை முடித்துவிட்டாராம், மூன்று மணி நேரம் ஆனதாம். ஆகட்டும். வேகமாக வந்தது வேகத்தால் போகாது.

கியாட் மரத்தைப் பற்றி ஒரு சொல். வெட்டினால் ரத்தம்போல் சிவப்புப் பால் வடியும் மரம் அது. நம் ஊர் வேங்கைக்கு நேர் உறவு, இரண்டும் ஒரே பேரினம். வேங்கைப் பிசினைக் குழைத்துக் குழந்தைகளுக்குப் பொட்டு வைப்பார்களே, அந்த வேங்கை. தம்பி எதேச்சையாக எடுத்த மேசைப் பலகை அது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதன் தூள் மூச்சுக்கு ஆகாது, ஆகவே செதுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் காயவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நம் கோடைகால ஈரக்காற்றில் ஆளிவிதை எண்ணெய்க்குப் பத்து நாள் போதாது. பச்சை எண்ணெயின்மேல் சுழலும் சக்கரம் சூட்டைக் கொடுத்தது, கட்டியின் கொழுப்பு உருகியது, இரண்டும் கலந்து துளைக்குள் இறங்கின. எண்ணெய் போட்ட கழுத்துக்கு மெருகுக் கட்டி தேவையே இல்லை என்பது என் கருத்து. பழைய பருத்தித் துணியும் உள்ளங்கைச் சூடும் போதும். கழுத்து கண்ணாடிபோல் மின்னினால் வேர்த்த கை ஒட்டிக்கொள்ளும், நகராது.

1 ஏப்ரல்

ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருந்தேன், பதில் தாமதம்.

மவுண்ட் எட்ஜ்கம்பிலிருந்து வந்த படத்தைப் பார்த்தேன். ஐயா, உங்களுடையது மெருகுப் பொடி இல்லை. கோடாக இல்லாமல் மேகமாகப் படர்ந்திருக்கிறது. மழை நாளில் லாக்கர் அடித்தீர்களா? ஈரம் லாக்கருக்குள் மாட்டிக்கொண்டு பனிபோல் வெளுக்கும். பென்சின் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் பொடி. நனைந்தாலும் அசையாமல் நின்றால் அது பூச்சுக்குள்ளேயே இருக்கிறது. ஈர்க்கும் பல்துலக்கியும் அங்கே உதவாது.

இன்னொரு வகையும் உண்டு. மிகப் பழைய மகோகனிச் சாமான்களில் துளையடைக்கப் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்திருப்பார்கள். எண்ணெய் ஊறியிருக்கும்வரை தெரியாது, பல ஆண்டு கழித்து எண்ணெய் வற்றியதும் வெளுத்து நிற்கும். பட்டறைக்கு அப்படி வந்த ஒரு அலமாரியை மெருகுக் கறை என்று எண்ணி நாள் முழுக்கத் தேய்த்திருக்கிறோம். அது கறையே இல்லை, அந்த மரத்தோடு பிறந்த நிரப்பு.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள்.

அண்ணனின் கிட்டாரை இன்றுதான் மீண்டும் கையில் எடுத்தேன். இத்தனை நாள் துண்டு மரத்திலேயே சோதித்துக்கொண்டிருந்தேன், பயம்தான் காரணம். இருட்டறை, கைவிளக்கு, ஈர்க்கு. இரண்டு மணி நேரம். வெள்ளை பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சத்துக்குச் சோப்புநீர் தொட்ட துணியை எடுத்தேன். முதல் துடைப்பில் துணியில் வந்தது வெள்ளை இல்லை. பழுப்பு.

நிறுத்திவிட்டேன். அது அண்ணனின் கை. முப்பது ஆண்டு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கட்டைவிரல் உரசிய இடத்தில் மரத்தோடு மரமாகிக் கறுத்திருக்கிறது. முன்பு பென்சின் ஊற்றியபோதும் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். பதற்றத்தில் நான் துணியைப் பார்க்கவே இல்லை. வெள்ளையை எடுக்க வேண்டும் என்ற முனைப்பில், எடுக்கக் கூடாததையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே எழுதியவர்கள் பலரும் "முழுக்கப் போக வேண்டும்" என்றே கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் பதில் சொல்லி வந்தேன். புதிதாகச் செய்த கழுத்துக்கு அது சரி. வாசிக்கப்பட்ட கழுத்தில் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பழுப்பு வந்தால் கையை எடுங்கள்.

மிச்சமிருந்த சில கீற்றுகளுக்குக் கறுப்பு மரமெழுகு. பட்டாணி அளவு, விரலால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் ரேகைக்குக் குறுக்கே துடைத்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் குறுக்கே துடைக்க வேண்டும். நெடுக்கே துடைத்தால் மெழுகு துளையிலிருந்து வெளியே வந்துவிடும். வெள்ளைப் பொடி மெழுகில் மூழ்கிக் கறுத்தது. இனித் தெரியாது.

15 ஏப்ரல்

மெழுகைப் பற்றி உடனே ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். பிறகு லாக்கர் அடிக்கும் எண்ணம் இருந்தால் மெழுகு வேண்டாம், பூச்சு பிடிக்காது. சிலிகோன் கலந்த மரச்சாமான் தெளிப்பான் அதைவிட மோசம்; பூச்சு மீன்கண்போல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

27 ஏப்ரல்

தம்பி கழுத்தை முடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். பதினான்காம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் மூன்று கீற்று மிச்சம். பெரிதாக்கிப் பார்த்தேன், விட்டுவிடலாம். இன்னும் ஒரு மாதம் எண்ணெய் காயட்டும், பிறகு தந்தி மாட்டுங்கள்.

அண்ணனின் பேரன் நேற்று வந்து கிட்டாரை எடுத்துப்போனான். வாசலிலேயே உட்கார்ந்து சுதி சேர்த்தான். அவனுடைய கட்டைவிரல் அந்தக் கறுத்த இடத்துக்குக் கீழே, ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது.

துடைப்பத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: புதிய துடைப்பத்து ஈர்க்கு பச்சையாக இருக்கும், நுனி நையாமல் நார் நாராகப் பிரியும். ஓராண்டாவது பழகிய துடைப்பமாகப் பார்த்து, அடிப்பக்கத்துத் தடித்த ஈர்க்காக உருவுங்கள்.